லேப்டாப்பில் என்க்ரிப்ஷன் இருந்தால் வேகம் குறையுமா? வேலை அதிகமானால் மட்டும் திணறுவது ஏன்? முழு விளக்கம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு வீடு. அப்பாவுக்குப் பணி ஓய்வு நெருங்குகிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பீரோவில் அடைந்து கிடந்த நிலப் பத்திரம், பட்டா, இழப்பீட்டுக் காகிதங்கள், பழைய குடும்ப ஆல்பம் என்று எல்லாவற்றையும் மகள் ஸ்கேன் செய்து லேப்டாப்பில் ஏற்றிவிட்டார். இப்போது அதையெல்லாம் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். நகல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கல்லூரி ப்ராஜெக்ட்டையும் திறக்கிறார். மவுஸ் அசைய மறுக்கிறது. ஃபேன் இரைகிறது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?"

பக்கத்து வீட்டுப் பையன் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறான்: "என்க்ரிப்ஷன் ஆன்ல இருக்கு அங்கிள். அதை ஆஃப் பண்ணிட்டா சரியாயிடும்."

இப்படி ஒரு காட்சி எந்த வீட்டிலும் நடக்கலாம். அந்தப் பையன் சொன்னது சரியா? உண்மையிலேயே என்க்ரிப்ஷன்தான் காரணமா? ஆஃப் செய்தால் என்ன ஆபத்து? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டிஸ்க் என்க்ரிப்ஷன் என்றால் என்ன?

தமிழில் இதை மறையாக்கம் என்கிறார்கள். டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொரு தகவலும், எழுதப்படுவதற்கு முன்பே, ஒரு ரகசியச் சாவியைக் கொண்டு புரியாத எண்களாக மாற்றப்படும். திரும்பப் படிக்கும்போது அதே சாவியால் பழைய நிலைக்குக் கொண்டுவரப்படும். சாவி இல்லாதவர் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் வெறும் குப்பைதான் தெரியும்.

விண்டோஸில் இதற்கு பிட்லாக்கர் என்று பெயர். விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது. ஆப்பிள் கம்ப்யூட்டரில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ், தனியாக நிறுவிக்கொள்ள வெராகிரிப்ட் என்று பெயர்கள் வேறு வேறு; வேலை ஒன்றுதான்.

பெரும்பாலான இடங்களில் பயன்படுவது ஏஇஎஸ் என்ற முறை. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரெய்மன் ஆகிய இருவர் உருவாக்கிய இந்த முறையை 2001-ல் அமெரிக்க அரசு தன் தரநிலையாக ஏற்றுக்கொண்டது. இன்று வங்கி முதல் வாட்ஸ்அப் வரை இது இல்லாத இடமே இல்லை.

நான் ஆன் செய்யவே இல்லையே?

இந்தக் கேள்வி பலருக்கும் வரும். 2024-ல் வெளிவந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் கணக்கு மூலம் உள்ளே நுழைந்தால், டிவைஸ் என்க்ரிப்ஷன் பெரும்பாலும் தானாகவே ஆன் ஆகிவிடும். ஹோம் பதிப்புக்கும் இது பொருந்தும். பழைய விண்டோஸை அப்டேட் மட்டும் செய்தவர்களுக்கு இது தானாக நடப்பதில்லை.

அலுவலக லேப்டாப் என்றால் காரணம் வேறு. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, மக்களின் தகவல்களைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2025 நவம்பரில் வெளியான அதன் விதிகளில், பாதுகாப்பு நடவடிக்கைகளில் ஒன்றாக மறையாக்கமும் குறிப்பிடப்பட்டிருக்கிறது. எனவே நிறுவனங்கள் இனி இதை விட்டுக்கொடுக்க வாய்ப்பில்லை.

சாதாரண நேரத்தில் தெரிவதில்லை, ஏன்?

சுரங்க நுழைவாயிலை நினைத்துப் பாருங்கள். உள்ளே போகும் ஒவ்வொருவரின் பாஸையும் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். நடுப்பகலில் ஒருவர் இருவர் வந்தால், சோதனை நடப்பதே தெரியாது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக வந்து நின்றால் வரிசை சாலை வரை நீளும். இரண்டு நேரத்திலும் ஒரு ஆளைச் சோதிக்க ஆகும் நேரம் ஒன்றேதான். கூட்டம்தான் வேறு.

டிஸ்க்கிலும் இதே கதை. ஏஇஎஸ் முறை தகவலை 16 பைட் கொண்ட சிறு சிறு கட்டிகளாக வெட்டித்தான் மாற்றும். ஒரு ஜிபி அளவுள்ள வீடியோ என்றால் சுமார் 6.7 கோடி கட்டிகள். ஒவ்வொரு கட்டியையும் 10 அல்லது 14 சுற்று கலக்க வேண்டும். எத்தனை சுற்று என்பது சாவியின் நீளத்தைப் பொறுத்தது. ஒரு வேர்டு ஃபைலைத் திறக்கும்போது இந்தக் கணக்கு கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். 60 ஜிபியை நகல் எடுக்கும்போது, அதே நேரத்தில் வீடியோ எடிட்டிங்கும் ஓடினால், பிராசசர் இரண்டு பக்கமும் இழுபடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள் டிஸ்க், வெளி டிஸ்க் இரண்டுமே என்க்ரிப்ட் செய்யப்பட்டிருந்தால் வேலை இரட்டிப்பாகும். முதலில் பிரித்து, பிறகு மறுபடி பூட்ட வேண்டும்.

எல்லா லேப்டாப்பும் திணறுமா?

இல்லை. இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது.

ஏஇஎஸ் கணக்கைப் போடுவதற்கென்றே பிராசசருக்குள் தனிக் கட்டளைகளை இன்டெல் 2010-ல் கொண்டுவந்தது. இதற்கு ஏஇஎஸ்-என்ஐ என்று பெயர். ஏஎம்டி-யும் அதைத் தொடர்ந்தது. இந்த வசதி உள்ள இன்றைய பிராசசரின் ஒரு கோர் மட்டுமே நொடிக்குச் சில ஜிபி அளவுக்கு மறையாக்கம் செய்யும். வசதி இல்லாவிட்டால் அது நூறு, இருநூறு எம்பி என்ற அளவுக்கு இறங்கிவிடும்.

2010-க்குப் பிறகு வந்த எல்லா பிராசசரிலும் இது இருந்தது என்றும் சொல்ல முடியாது. முதல் சில தலைமுறை கோர் ஐ3-களில் பெரும்பாலானவற்றிலும், அந்தக் காலத்து பென்டியம், செலரான்களிலும் இந்த வசதி கிடையாது. வீட்டில் இருக்கும் பத்துப் பதினைந்து வருடப் பழைய லேப்டாப்பில் என்க்ரிப்ஷன் போட்டுவிட்டு "ஏன் இப்படி நகருது?" என்று கேட்டால், பதில் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

விலை குறைந்த செல்போன்களிலும் இதே சிக்கல் இருந்தது. ஏஇஎஸ் கட்டளை இல்லாத சிப்களுக்காகவே கூகுள் 2019-ல் அடியான்டம் என்ற வேறொரு முறையை வெளியிட்டது. கார்டெக்ஸ் ஏ7 சிப்பில் அது ஏஇஎஸ்ஸைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகமாக ஓடியது. விலை குறைந்த போன் வைத்திருப்பவருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

டிஸ்க் வேகமாக இருந்தால் பிரச்சினை தீருமா?

இதில் ஒரு முரண் இருக்கிறது. டிஸ்க் எவ்வளவு வேகமோ, என்க்ரிப்ஷனின் சுமை அவ்வளவு பளிச்சென்று தெரியும்.

சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்பி தரும். பிராசசர் அதைவிட வேகமாக மறையாக்கம் செய்துவிடுவதால் வித்தியாசம் தெரியாது. சாட்டா எஸ்எஸ்டி சுமார் 550 எம்பி. இன்றைய என்விஎம்இ எஸ்எஸ்டி 7,000 எம்பி வரை போகும். அந்த வேகத்தில் இடையில் ஒரு சோதனைச் சாவடி வைத்தால் தடை தெரியத்தான் செய்யும்.

2023-ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற தொழில்நுட்ப இதழ் இதைச் சோதித்துப் பார்த்தது. விண்டோஸ் 11 ப்ரோ, உயர்ரக சாம்சங் எஸ்எஸ்டி. மென்பொருள் வழி பிட்லாக்கர் ஆன் செய்தபோது, சில சோதனைகளில் வேகம் 45 சதவீதம் வரை குறைந்தது. பெரிய ஃபைல்களை நேர்வரிசையில் படிப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னத் துண்டுகளைப் படித்து எழுதும்போதுதான் அடி விழுந்தது.

சின்னத் துண்டுகள் என்றால்? ஆயிரக்கணக்கான போட்டோக்கள், கோடிங் ப்ராஜெக்ட்டின் குட்டி ஃபைல்கள், டேட்டாபேஸ் இதெல்லாம்தான். ஒவ்வொரு துண்டுக்கும் கேட்பது, காத்திருப்பது, பிரிப்பது, அனுப்புவது என்ற சடங்கு தனியாக நடக்க வேண்டியிருப்பதால் தாமதம் கூடிக்கொண்டே போகிறது.

கணக்கு போடுவது மட்டும்தான் தாமதமா?

இல்லை என்பதை 2020-ல் க்ளவுட்ஃபிளேர் நிறுவனம் காட்டியது. உலகின் ஏராளமான இணையதளங்களைத் தாங்கி நிற்கும் நிறுவனம் அது. தங்கள் லினக்ஸ் சர்வர்களில் என்க்ரிப்ட் செய்த டிஸ்க்குகள் எதிர்பார்த்ததைவிட மெதுவாக இருப்பதைப் பொறியாளர்கள் கவனித்தார்கள். டிஸ்க்கின் குறுக்கீடே இருக்கக்கூடாது என்று ரேம் நினைவகத்தையே டிஸ்க்காக்கிச் சோதித்தார்கள். அப்போதும் வேகம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக விழுந்தது. பிராசசரின் மறையாக்க வேகமோ அதைவிடப் பல மடங்கு அதிகம். அப்படியானால் மீதி நேரம் எங்கே போனது?

தோண்டிப் பார்த்ததில், விடை வரிசைகளில் இருந்தது. ஒரு தகவல் டிஸ்க்குக்குப் போகும் வழியில் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளில் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். சுரங்கத்தில் வெட்டிய பழுப்பு நிலக்கரி கன்வேயர் பெல்ட்டில் ஏறி, ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்த பெல்ட்டுக்கு மாறி, பங்கருக்குப் போய், அங்கிருந்து அனல்மின் நிலையத்துக்குச் செல்கிறது. பெல்ட் மாறும் ஒவ்வொரு இடத்திலும் நிலக்கரியைக் கொட்டிவைத்து, ஆள் வந்து அள்ளிப் போடும்வரை காத்திருந்தால் எப்படி இருக்கும்? பெல்ட் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயன் இருக்காது.

அந்த வரிசைகள் தேவையில்லாமல் வைக்கப்பட்டவை அல்ல. அவற்றில் ஒன்று, சுழலும் ஹார்டு டிஸ்க்கின் முள் அங்குமிங்கும் அலையாமல் இருக்க, எழுத வேண்டியவற்றை வரிசைப்படுத்துவதற்காக வந்தது. முள்ளே இல்லாத எஸ்எஸ்டி வந்த பிறகும் அது அப்படியே தங்கிவிட்டது. அதைத் தவிர்க்கும் வசதியை க்ளவுட்ஃபிளேர் எழுதிக் கொடுக்க, அதே ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 5.9-ல் அது சேர்ந்தது. இன்று எஸ்எஸ்டி வைத்திருக்கும் லினக்ஸ் பயனர் யாரும் அதை ஆன் செய்துகொள்ளலாம்.

எஸ்எஸ்டி-யே என்க்ரிப்ட் செய்துகொள்ளக் கூடாதா?

செய்யும் எஸ்எஸ்டி-கள் உண்டு. பிராசசருக்குச் சுமையே இருக்காது. முன்பு பிட்லாக்கரும் அந்த வசதி இருந்தால் அதையே நம்பியது. ஆனால் 2018-ல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், க்ரூஷியல், சாம்சங் நிறுவனங்களின் சில மாடல்களில் இந்தப் பூட்டைக் கடவுச்சொல் இல்லாமலேயே திறக்க முடிகிறது என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட், டிஸ்க்கை நம்பாமல் தன் மென்பொருளாலேயே பூட்டும் முறைக்கு மாறியது. இன்று நாம் உணரும் வேகக் குறைவுக்கு இந்த முடிவும் ஒரு காரணம்.

ஆப்பிள் வேறு வழியில் போனது. டி2 சிப் உள்ள மேக்குகளிலும், எம் வரிசை சிப் உள்ளவற்றிலும் டிஸ்க்குக்குப் போகும் வழியிலேயே மறையாக்கத்துக்குத் தனி வன்பொருள் இருக்கிறது. அங்கே ஃபைல்வால்ட் ஆன் செய்தால் வேகம் குறைவதாகத் தெரியாது. விண்டோஸிலும் இதுபோல வன்பொருள் துணையோடு இயங்கும் பிட்லாக்கரை 2025 இறுதியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. ஆனால் அதற்கு ஏற்ற புதிய சிப் உள்ள கம்ப்யூட்டர் வேண்டும்.

உண்மையான குற்றவாளி யார்? எப்படிக் கண்டுபிடிப்பது?

பழியை என்க்ரிப்ஷன் மீது போடுவதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பாருங்கள்.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா? அப்படியென்றால் ரேம் போதவில்லை. இடம் போதாமல் கம்ப்யூட்டர் டிஸ்க்கையே ரேம் போலப் பயன்படுத்தத் தொடங்கும். அந்தப் போக்குவரத்தும் என்க்ரிப்ஷன் வழியாகத்தான் நடக்கும். 4 ஜிபி ரேம் லேப்டாப்புகளில் பெரும்பாலும் இதுதான் சிக்கல். ரேமைக் கூட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

டிஸ்க் 100 சதவீதம், ஆனால் வேகம் நொடிக்குச் சில எம்பி மட்டும்தானா? பழைய ஹார்டு டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கலாம். முதலில் நகல் எடுங்கள்; மற்றதெல்லாம் பிறகு.

பிராசசர் உச்சத்தில் நிற்கிறதா? பிராசசஸ் பட்டியலில் எது முதலிடத்தில் என்று பாருங்கள். ஆன்டிவைரஸாகவும் இருக்கலாம். நகல் எடுக்கப்படும் ஒவ்வொரு ஃபைலையும் அது திறந்து பார்க்கும்.

லேப்டாப் புதிதா? முதல் முறை டிஸ்க் முழுவதையும் பூட்டும் வேலை பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். சார்ஜரில் போட்டுச் சில மணி நேரம் விட்டுவிட்டால் தானாக முடிந்துவிடும்.

கொதிக்கிறதா? அக்னி நட்சத்திர வெயிலில், மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து 60 ஜிபி நகல் எடுத்தால், சூடு தாங்காமல் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேசைமீது வையுங்கள். ஃபேன் துவாரத்தில் தூசி இருந்தால் துடைத்துவிடுங்கள்.

வெராகிரிப்ட் பயன்படுத்துகிறீர்களா? ஏஇஎஸ், டூஃபிஷ், செர்பென்ட் மூன்றையும் அடுக்கி வைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஒவ்வொரு தகவலும் மூன்று முறை பூட்டப்படுகிறது. அதோடு பிட்லாக்கரும் இருந்தால் பூட்டுக்கு மேல் பூட்டு. வீட்டு உபயோகத்துக்கு ஏஇஎஸ் ஒன்றே போதும்.

அப்போ ஆஃப் செய்துவிடலாமா?

பழைய வீட்டுக் கம்ப்யூட்டர், பிராசசரில் ஏஇஎஸ் வசதி இல்லை, மேசையை விட்டு நகராது, உள்ளே பாட்டும் படமும்தான் இருக்கிறது என்றால் ஆஃப் செய்வதில் பெரிய தவறில்லை. முக்கியமான ஃபைல்களை மட்டும் ஒரு சின்ன வெராகிரிப்ட் பெட்டகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பஸ்ஸிலும் ரயிலிலும் பயணம் செய்யும் லேப்டாப், உள்ளே பட்டா, ஆதார், வங்கி விவரம், குடும்பப் படம் இருக்கிறது என்றால் ஆஃப் செய்யாதீர்கள். லேப்டாப் தொலைந்தால் போவது சில ஆயிரம் ரூபாய். உள்ளே இருப்பது யார் கைக்காவது போனால் அந்த நஷ்டத்துக்குக் கணக்கே இல்லை. விண்டோஸ் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். என்க்ரிப்ஷன் இல்லாத டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் அந்த பாஸ்வேர்டு எதையும் தடுக்காது.

அலுவலக லேப்டாப் என்றால் நீங்களாகக் கை வைக்கவே வேண்டாம். ஐடி பிரிவிடம் சொல்லுங்கள்.

ஆஃப் செய்வதும் ஒரு நிமிட வேலை இல்லை. டிஸ்க் முழுவதையும் படித்து, பிரித்து, திரும்ப எழுத வேண்டும். மணிக்கணக்கில் ஆகலாம். அதுவரை லேப்டாப் இன்னும் மெதுவாகத்தான் ஓடும்.

என்க்ரிப்ஷன் எதைக் காப்பாற்றாது?

இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் இருந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கட்டமைப்பு அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பதாகவும் விளக்கம் அளித்தது. இதுபோன்ற தாக்குதலை டிஸ்க் என்க்ரிப்ஷன் தடுக்காது. நீங்கள் லாகின் செய்ததுமே பூட்டு திறந்துவிடுகிறது. அதன் பிறகு உள்ளே நுழையும் வைரஸுக்கு எல்லாமே தெளிவாகத் தெரியும். திருட்டிலிருந்து காப்பது என்க்ரிப்ஷன். வைரஸிலிருந்து காப்பது உங்கள் எச்சரிக்கையும் அப்டேட்டும்தான்.

மறக்கக்கூடாத 48 எண்கள்

வேகத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பிட்லாக்கருக்கு 48 இலக்க ரெக்கவரி கீ இருக்கிறது. மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸ் அமைப்பை மாற்றினாலோ, சில அப்டேட்டுகளுக்குப் பிறகோ கம்ப்யூட்டர் அதைக் கேட்கலாம். தெரியாவிட்டால், சர்வீஸ் சென்டரோ மைக்ரோசாஃப்டோ யாராலும் திறக்க முடியாது.

2024 ஜூலை 19-ல் க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதைச் சரிசெய்யப் போனபோது பல இடங்களில் முதல் தடையாக வந்தது இந்த 48 இலக்கம்தான்.

கடையில் லேப்டாப் வாங்கும்போது, கடைக்காரரே ஏதோ ஒரு மெயில் ஐடி போட்டு விண்டோஸைத் தயார் செய்து கொடுப்பது உண்டு. அப்படியென்றால் உங்கள் ரெக்கவரி கீ அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். கல்லூரி லேப்டாப் வாங்கியதும் அவசரத்தில் புது மெயில் ஐடி உருவாக்கி, அதன் பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கும் இதே நிலைதான்.

எனவே இன்றே இதைச் செய்யுங்கள். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குப் போய், டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் என்றால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இணையம் வழியே நுழைந்து, டிவைசஸ் பட்டியலில் ரெக்கவரி கீயைத் தேடுங்கள். 48 இலக்கத்தையும் காகிதத்தில் எழுதி, பத்திரம் வைக்கும் அதே பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையில் வைக்காதீர்கள். பூட்டும் சாவியும் ஒன்றாகத் திருடு போகும்.

அந்த நெய்வேலி வீட்டுக்கே திரும்பினால், அவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நகல் ஓடும்போது ப்ராஜெக்ட்டை மூடிவையுங்கள், அல்லது நகலை இரவில் ஓட விடுங்கள். ரேம் போதவில்லையென்றால் கூட்டுங்கள். ரெக்கவரி கீயை எழுதி வையுங்கள். என்க்ரிப்ஷன் ஆனிலேயே இருக்கட்டும். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வேறு ஊருக்குப் போகிற வழியில் பெட்டி ஒன்று தொலைந்தாலும், அதற்குள் இருக்கும் பட்டாவும் ஆல்பமும் வேறு யார் கண்ணுக்கும் படாது. வெளி டிஸ்க்கில் எடுத்த நகல் கையில் இருக்கும்.